மாற்றுத்திறனாளி அட்டை, மாத உதவித்தொகை, சட்ட உரிமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வாழும் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. உதவித்தொகை மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே உள்ள தொகைகள் 2025ஆம் ஆண்டு நிலவரம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிடையாது என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக மறுத்து அனுப்பிவிட்டால் மேல்முறையீடு செய்யக் கையில் எதுவும் இருக்காது. நியாயமான கோரிக்கைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

சட்டப்படி யாரெல்லாம் மாற்றுத்திறனாளி?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனது. பார்வை, செவி, கை கால் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் என்ற பழைய வகைகளோடு ஆட்டிசம், தசைச்சிதைவு, குள்ளத்தன்மை, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவையும் பட்டியலில் வந்தன. ஹீமோபிலியா, தாலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்று ரத்தக் குறைபாடுகளும் உண்டு. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோர் பலருக்கு, தங்கள் குழந்தைக்கும் இந்த அட்டை கிடைக்கும் என்பதே தெரியாது. அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

இப்போது எல்லாமே யுடிஐடி என்னும் தேசியத் தனித்துவ அடையாள அட்டை வழியாகத்தான். அதற்கான ஒன்றிய அரசின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இ-சேவை மையத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் பதிந்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, இருக்கிற மருத்துவக் காகிதங்கள் போதும். பிறகு அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மருத்துவர்கள் பரிசோதித்துக் குறைபாடு எத்தனை விழுக்காடு என்று போடுவார்கள். விதிகளில் இதற்கு ஒரு மாதம் கெடு இருந்தது. 2024 அக்டோபரில் அதை மூன்று மாதமாக நீட்டிவிட்டார்கள். நடக்க முடியாத ஒருவருக்கு மூன்று மாதக் காத்திருப்பு சின்ன விஷயமில்லை.

அட்டையின் நிறத்திலேயே விழுக்காடு தெரியும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். பதிவுக்கோ பரிசோதனைக்கோ புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பர்சன்டேஜ் ஏற்றித் தருகிறேன் என்பவரிடமிருந்து விலகியே இருங்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மாட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல.

எனக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை. 30 விழுக்காடுதான் போட்டிருக்கிறார்கள். இது சரியா?

வழிகாட்டு நெறிகளின்படி சரிதான். மறு கண் நன்றாக இருந்தால் ஒரு கண் முழுவதும் போனாலும் 30 விழுக்காடு என்றே கணக்கிடுகிறார்கள். காதிலும் இப்படித்தான்: இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்குக் கேட்புத்திறன் குறைந்திருந்தால்தான் செவிக்குறைபாடு. ஒரு காது மட்டும் கேட்காதவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

இரண்டு குறைபாடு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விழுக்காடுகளை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணோடு, சிறிய எண்ணின் ஒரு பகுதியை மட்டும் சேர்ப்பார்கள். 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுக்க வேண்டும். கண்ணில் 30, காலில் 30 என்றால் 60 வராது; 30உடன் 20 சேர்ந்து 50 வரும். 50 என்றாலும் அது 40ஐத் தாண்டிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் தகுதியில்லாத ஒருவர், சேர்த்துப் பார்க்கும்போது தகுதி பெறுகிறார். ஆகவே கண் மருத்துவரிடம் மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். கால் குறைபாட்டையும் விண்ணப்பத்தில் குறிப்பிட்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மனநோய்க்கு எப்படி விழுக்காடு போடுகிறார்கள்? தம்பி டாக்டர் முன்னால் நன்றாகத்தான் பேசுகிறான்.

ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. தன்னைத்தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரியவைப்பது, வேலை செய்வது என்ற நான்கிலும் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதையும் சேர்ப்பார்கள். பரிசோதனை நாளில் தம்பி தெளிவாக இருந்துவிட்டால் மதிப்பெண் குறையும். அதனால் கூடவே ஒருவர் போக வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் சேர்த்த விவரம், வேலையை விட்ட தேதிகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோங்கள். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, வெளியே போனால் திரும்பி வருவானா என்பதையெல்லாம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வீட்டு மானம் கருதி மறைத்தால் அது அவனுக்கு வரவேண்டியதைத்தான் குறைக்கும்.

விழுக்காட்டை ஏற்க முடியவில்லை என்றால்?

சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. முடிவு வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தகுதியில்லை என்று நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டியது மருத்துவ அதிகாரியின் கடமை. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

40க்குக் குறைவு என்றால் அட்டையால் பயனே இல்லையா?

உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் 40 வேண்டும். ஆனால் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும், தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தரவேண்டும் என்பதும் 40க்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பொருந்தும். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் கேட்டார். 40 இல்லை என்று மறுத்தார்கள். நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. பள்ளியிலோ தேர்விலோ வேலையிடத்திலோ உங்களுக்கு இதுதான் நடக்கிறது என்றால், விகாஷ் குமார் வழக்கு என்று மனுவில் குறிப்பிடுங்கள்.

எண் பெரிதாக இருப்பதாலும் சிலரைத் தள்ளிவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. பேச்சுக் குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்பதை மட்டுமே காரணமாக வைத்து மருத்துவப் படிப்பை மறுக்கக்கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

மாத உதவித்தொகை எத்தனை வகை? எங்கே கேட்பது?

இங்குதான் குழப்பம் அதிகம். ஊரில் எல்லாவற்றையும் ஓஏபி பணம், அதாவது முதியோர் ஓய்வூதியம் என்றே சொல்கிறோம். உண்மையில் இரண்டு துறைகள் இரண்டு தனித்தனித் திட்டங்களை நடத்துகின்றன.

முதலாவது வருவாய்த் துறையின் ஓய்வூதியம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள, வருமானமில்லாத மாற்றுத்திறனாளிகளுக்கு. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார்.

இரண்டாவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். 75 விழுக்காட்டுக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு, தொழுநோய், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது. கேட்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். எப்போதும் ஒருவர் துணை தேவைப்படும் நிலையில் இருப்பவர்களுக்கு, பார்த்துக்கொள்பவருக்கென்று கூடுதலாக 1,000 ரூபாயும் உண்டு. இதை அவர்களாகவே சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒருவருக்கு இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. 1,500 வாங்குகிறவர் 2,000க்குத் தகுதியானவராக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் புதியது உத்தரவாகும் முன்பே பழையதை நிறுத்திவிட்டு நடுவில் பல மாதம் எதுவும் வராமல் தவிப்பவர்கள் உண்டு. முதலில் நல அலுவலகத்தில் பேசி, எந்த மாதத்திலிருந்து மாற்றம் என்று உறுதி செய்துகொண்டு பிறகு தாசில்தாரிடம் போங்கள்.

பணம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. முடிந்தவரை மாற்றுத்திறனாளியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால் பெற்றோரோடு கூட்டுக் கணக்கு. அண்ணன் கணக்கில் போய் விழும் பணத்தைத் தங்கை கண்ணால்கூடப் பார்க்காத வீடுகள் இருக்கின்றன.

தொகை ஏன் இவ்வளவு குறைவு?

ஒன்றிய அரசின் பங்கிலிருந்து தொடங்குவோம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் 2009இல் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மாதம் 300 ரூபாய். 2012இல் 200 ரூபாயிலிருந்து 300 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை, மருந்து விலை, பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. அந்த 300 அப்படியே நிற்கிறது. 40 முதல் 79 விழுக்காடு வரை உள்ளவர்களுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை. ஆகவே நம் கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மாநில அரசினுடையது.

2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதில் 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. சட்டத்தின் கணக்கு நிறைவேறிவிட்டது, வாழ்க்கைக் கணக்கு நிறைவேறவில்லை. அடித்தொகையே ஒருவர் உயிர்வாழப் போதாததாக இருக்கும்போது அதன் மேல் கால்பங்கு கூட்டி என்ன ஆகப்போகிறது? சக்கர நாற்காலி பழுது, டயாப்பர், வடிகுழாய், மருத்துவமனைக்கு ஆட்டோ என்று மற்றவர்களுக்கு இல்லாத செலவு ஒவ்வொரு மாதமும் வருகிறது.

கூடுதலாகத் தர முடியாது என்பதற்கு ஆந்திரம் பதில் சொல்லிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து அங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 6,000 ரூபாய். முழுவதும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. ஆந்திரத்துக்கு இணையாக இங்கும் தரவேண்டும் என்று மாற்றுத்திறனாளி சங்கங்கள் சாலைக்கு வந்து போராடுகின்றன. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

வீட்டில் ஒருவர் பராமரிப்புத் தொகை வாங்கினால் அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்காதா?

கிடைக்கும். பராமரிப்பு உதவித்தொகை பெறுபவர் வீட்டில் இருக்கிறார் என்பதால் அந்தக் குடும்பம் தகுதி இழக்காது. மற்ற தகுதிகள் இருந்தால் போதும்.

திடீரென்று பணம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்று போகாமல் இருந்திருக்கலாம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு அறுந்திருக்கலாம். தற்காலிகச் சான்றின் காலம் முடிந்திருக்கலாம். விசாரணைக்கு வந்தவர், வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து ஊரில் இல்லை என்று எழுதிப் போயிருக்கலாம். மருத்துவமனையில் கிடந்த நாளாகக்கூட அது இருந்திருக்கும். காரணத்தைக் கேட்டு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். நின்ற மாதங்களுக்கான நிலுவையையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

கைரேகை விழவில்லை, கருவிழி பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் அது உங்கள் குற்றமல்ல. விரல் இல்லாதவர்களுக்குக் கருவிழி கொண்டும், இரண்டும் இல்லாதவர்களுக்கு இரண்டும் இல்லாமலேயும் ஆதார் பதிவு செய்ய விதி இருக்கிறது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பு பற்றி அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி, மாற்று வழி தரவேண்டும் என்றது. வங்கி மேலாளரிடம் இந்தத் தேதியைச் சொல்லியே கேளுங்கள்.

அரசு வேலையில் என்ன ஒதுக்கீடு? வேலையில் இருக்கும்போதே குறைபாடு வந்தால்?

4 விழுக்காடு. பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் குறைபாடு, பெருமூளை வாதம், தசைச்சிதைவு, குள்ளத்தன்மை முதலியவற்றுக்கு 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 விழுக்காடு.

அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ முடியாது. அந்த வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இது 20ஆம் பிரிவு. தானாக ராஜினாமா எழுதிக் கொடுங்கள் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் நிறுவனத்தில் வேலை நேரத்து விபத்து என்றால், இஎஸ்ஐ அட்டை இருப்பவர்களுக்கு நிரந்தர ஊனத்துக்கான ஆயுட்கால மாதப் பயன் உண்டு; சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனதோ அந்த அளவுக்குக் கணக்கிடுவார்கள்.

மகனுக்கு 19 வயது, அறிவுசார் குறைபாடு. எங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?

கேட்கும்போதே தொண்டை அடைக்கும் கேள்வி இது. முழுப் பதில் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன, தள்ளிப்போடாதீர்கள்.

18 வயது முடிந்ததும் பெற்றோர் சட்டப்படிப் பாதுகாவலர் அல்ல. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வங்கிக்கும் சொத்துக்கும் இந்தச் சான்று தேவைப்படும்.

இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தருகிறது. முன்பரிசோதனை கிடையாது. பயிற்சி சிகிச்சைகளுக்கும் புறநோயாளிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு.

அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கு உங்கள் காலத்திலேயே மருத்துவச் சான்றோடு பிள்ளையின் பெயரை ஓய்வூதியப் பதிவில் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் போனபின் இதை நிரூபிக்க அலையும் குடும்பங்களின் பாடு சொல்லி முடியாது. தனியார் வேலையில் பிஎஃப் ஓய்வூதியம் இருந்தாலும், நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் தருவதற்கு 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் விதி இருக்கிறது.

அக்காள் தங்கைகளிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். கல்யாணமாகிப் போன மகள் தலையில் எல்லாம் விழும் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்கும் நியாயமில்லை, அவனுக்கும் பாதுகாப்பில்லை.

பஸ், ரயில் சலுகை?

2021ஆம் ஆண்டிலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில், துணையின்றிப் பயணிக்க முடியாத உடல் குறைபாடு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பார்வையற்றவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்கு ஏசியில் 75 விழுக்காடு தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கும் அதேதான். 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை எடுத்தபோதும் இது தொடர்ந்தது.

வருமான வரியில்?

40 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 75,000, 80உம் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. மாற்றுத்திறனாளி வரி கட்டினாலும் சரி, அவரைப் பராமரிக்கும் குடும்பத்தார் கட்டினாலும் சரி. ஆனால் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே. புதிய முறையில் இதை விட்டுவிட்டார்கள்; திருத்தப்பட வேண்டிய அநியாயம்.

அவமானப்படுத்தினால், அலைக்கழித்தால் எங்கே போவது?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. இவற்றைவிட வலுவானது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ளதுபோல் சாட்சியை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. புகாரை வெள்ளைத்தாளில் எழுதி, நகல்களை இணைத்து அனுப்பினால் போதும், வக்கீல் தேவையில்லை.

பலர் பார்க்க ஒருவரை அவர் குறைபாட்டைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நொண்டி, குருடு, லூசு என்று அழைப்பதைப் பொறுத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. காவல் நிலையத்தில் பிரிவு எண்ணைச் சொல்லிப் புகார் எழுதுங்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அட்டை செல்லுமா?

யுடிஐடி அட்டை இந்தியா முழுவதும் செல்லும். மறுபடி பரிசோதனை தேவையில்லை. மாத உதவித்தொகை மட்டும் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. புதிய ஊரில் ரேஷன் அட்டையும் முகவரிச் சான்றும் மாற்றிய பிறகு அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டம் மாறினால், பழைய மாவட்ட நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கோப்பைப் புதிய மாவட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.